கட்டிலுக்கடியில் விசில்

ஜூன் 20, வெள்ளி

புதிதாக ஒரு மாணவி சேர்ந்திருக்கிறார். வயது எழுபத்து மூன்று. பெயர் செண்பகவல்லி, ஊர் கோவில்பட்டி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் என் அறிவிப்பு அவர் கண்ணில் பட்டிருக்கிறது: "அறுபது தாண்டியவர்களுக்கு வீடியோ மூலம் கூட்டாகவும் தனித்தனியாகவும் உடற்பயிற்சி. டாக்டரிடம் கேட்டுவிட்டு வரவும். ஆசிரியை கண்டிப்பானவர்." கடைசி வரியை எடுக்கச் சொல்லி என் மகள் பெனிட்டா மஸ்கட்டிலிருந்து சண்டை போட்டாள். நான் எடுக்கவில்லை. அந்த வரியைப் பார்த்துத்தான் சேர்ந்தாராம்.

"கண்டிப்பான ஆளுதான் எனக்கு வேணும் டீச்சர். கொஞ்சம் அசந்தா நான் ஏமாத்திருவேன்" என்றார். பாளையங்கோட்டையில் முப்பத்தொரு வருஷம் பி.டி. டீச்சராக இருந்திருக்கிறேன். இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

விஷயம் இதுதான். மார்ச் மாதம் அடுப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் எழ முடியவில்லை. தினமும் நாலு மணிக்குத் தாயம் விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தூக்கும் வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் திருமலைக்குமார், தனியாக இருந்தது போதும், வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பு என்கிறான். மூன்று மாதச் சண்டைக்குப் பிறகு ஒரு ஒப்பந்தம். ஆகஸ்ட் 15 அன்று அவன் வருவான். அவன் கண் முன்னால் தரையில் படுத்து, கட்டில், சுவர், ஆள் எதையும் பிடிக்காமல் இவர் எழுந்து நிற்க வேண்டும். எழுந்தால் கோவில்பட்டி. இல்லாவிட்டால் பெங்களூர், பதினோராவது மாடி.

"பதினோராவது மாடில என்கூட யாரு டீச்சர் தாயம் போடுவா?"

எட்டு வாரம் இருக்கிறது. முடியும் என்றேன்.

ஜூன் 21, சனி

காலை ஆறரை மணி கூட்டு வகுப்பு. அஞ்சு பேரும் ஆஜர். தூத்துக்குடி அந்தோணிமுத்து இன்றும் போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டுத் தன் நெற்றியை மட்டும் காட்டினார். நெற்றி மேலும் கீழும் போனது. உட்கார்ந்து எழுந்தாரா, தலையை மட்டும் ஆட்டினாரா, அது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

பதினொரு மணிக்கு செண்பகவல்லிக்குத் தனி வகுப்பு. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழச் சொன்னேன். மூன்று முறை எழுந்தார், நாலாவது முறை முடியவில்லை. பரவாயில்லை.

கை தட்டித்தான் எண்ண வேண்டியிருக்கிறது. என் விசில் கட்டிலுக்கடியில், சுவரோரமாகக் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சில் நற்கருணை. எல்லாரும் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டார்கள், நான் நின்றபடி வாங்கிக்கொண்டேன். ஆண்டவர் பார்ப்பது மனதைத்தான், முட்டியை இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

வகுப்புக்கு அழைத்தால் செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, தரையிலிருக்கும் அரிவாள்மணையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார். விழுவதற்கு முன்பு தரையில் உட்கார்ந்துதான் நறுக்குவாராம். ஐம்பது வருஷப் பழக்கம்.

"அதை முதல்ல பரண்ல ஏத்துங்க" என்றேன். "முட்டியை அப்படி மடக்கி உட்கார்றது உங்க வயசுக்கு ஆகாது. மேசைல வச்சுக் கத்தியால நறுக்குங்க."

"கத்தில நறுக்குனா காய் காயா இருக்காது டீச்சர்" என்று முனகினார். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்கிறார். எனக்குத் திருப்தி.

ஜூலை 2, புதன்

நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்தார்! சுவரில் கை ஊன்றிக் குதிகால் உயர்த்துவது பதினைந்து. வெரி குட் என்றேன். நான் வெரி குட் சொல்வது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் மாவட்டக் கோப்பை வாங்கிய கோ-கோ டீமுக்கே ஒரு தடவைதான் சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று தரைக்கு வந்தோம். ஒருக்களித்துப் படுப்பது, கையை ஊன்றி உட்காருவது, முட்டி போட்டு நாலு காலில் நிற்பது, ஒரு பாதத்தை முன்னால் வைப்பது, எழுவது. இதுதான் நான் படித்த முறை. பேத்தி விட்டுப்போன துணிப் பொம்மையை மேசைமேல் வைத்து ஒவ்வொரு நிலையாகச் செய்து காட்டினேன். பொம்மைக்கு மூட்டு இல்லாததால் நன்றாகவே மடங்குகிறது.

"டீச்சர், நீங்களே செஞ்சு காட்டுனா விளங்குமே?"

"நான் கீழே படுத்துட்டா உங்களை யாரு பாக்கது?" என்றேன். நியாயமான பதில்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு நிற்க, முட்டி வலியோடு பாதி வரை வந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

எழுந்துவிட்டார். முழுதாக. கேமராவில் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது, ஆனால் எழுந்தார். வெரி குட், வெரி குட். இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே முடித்துவிட்டார். சாயங்காலம் எனக்கு நானே ஒரு பால் பாயசம் வைத்துக்கொண்டேன். பெரிய வாணலி கீழ்த்தட்டில் இருப்பதால் சின்னப் பாத்திரத்தில் வைத்தேன். பொங்கி அடுப்பெல்லாம் பால்.

ஜூலை 22, செவ்வாய்

அவருடைய அறையில் ஒரு ஸ்டீல் பீரோ இருக்கிறது. இத்தனை நாளும் அதன் கண்ணாடியில் துண்டு தொங்கும். இன்று துண்டு இல்லை. செண்பகவல்லி எழுந்தார். கண்ணாடியில் அவருடைய இடது கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இடது கையைக் காட்டுங்க."

"இந்தா இருக்கு டீச்சர்."

"எந்திரிக்கும்போது எங்க இருந்துச்சு?"

அவர் அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்தார்.

"எத்தன நாளா?"

"எந்திரிச்ச மொத நாள்ல இருந்தே. நீங்க வெரி குட்னு சொன்னிய. மறுநாளும் கேக்கணும் போல இருந்துச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வாரம் வீண். "ஆகஸ்ட் பதினஞ்சுல உங்க மகன் வெரி குட் சொல்ல வரல்ல. கையத்தான் பாப்பான்" என்று கத்தினேன். பழைய குரல், மைதானத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும் குரல். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதிய. ரெண்டு வாரமாப் பொம்மைதான் படுக்கு, பொம்மைதான் எந்திரிக்கு. நான் கம்பியப் பிடிச்சேன், ஒத்துக்கிடுதேன். நீங்க எதப் பிடிச்சிட்டு இருக்கிய?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 23, புதன்

தலைவலி. வகுப்பு இல்லை என்று குரூப்பில் போட்டேன். இட்லி மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பமாக ஊற்றித் தீர்த்தேன்.

ஜூலை 24, வியாழன்

இந்த நோட்டில் பிப்ரவரி 11 என்ற பக்கம் வெறுமையாக இருக்கிறது. அன்று எழுதாததை இன்று எழுதுகிறேன்.

அன்று காலை வகுப்பு முடித்து, கழுத்தில் விசிலோடு, படுக்கையறைக்குப் போனேன். பாய் விளிம்பு தடுக்கியது. விழுந்தேன். அடி பலமில்லை. ஆனால் எழ முடியவில்லை. எனக்கு அறுபத்து நாலு வயது, ஓடியவள், தாண்டியவள், ஆயிரம் பிள்ளைகளை எழுந்து நில் என்றவள், என் வீட்டுத் தரையிலிருந்து எழ முடியவில்லை. போன் ஹாலில். விசிலை ஊதினேன். முப்பத்தொரு வருஷம் நான் ஊதியபோதெல்லாம் ஓடி வந்தார்கள். அன்று ஒருத்தரும் வரவில்லை. மூன்று மணி நேரம் ஊதி ஊதிப் பார்த்து, கடைசியில் நகர்ந்து நகர்ந்து நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். பக்கத்து வீட்டு சொர்ணம் மறுநாள் சொன்னாள்: "விசில் சத்தம் கேட்டுச்சு டீச்சர். கிளாஸ் எடுக்கியன்னு நெனச்சேன்."

விசில் தானாகக் கட்டிலுக்கடியில் போகவில்லை. நான்தான் வீசினேன். அதற்குப் பிறகு இன்றுவரை நான் தரையில் உட்காரவில்லை. பெனிட்டாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் ஒரு மஸ்கட் காத்திருக்கிறது.

இதை எழுதி முடித்ததும் செண்பகவல்லியை அழைத்தேன். இதையே சொன்னேன். "மூணு மணி நேரமா? எனக்கு ரெண்டு மணி நேரந்தான் டீச்சர், நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பினால் மட்டும் இல்லை.

"அக்கா, சனிக்கிழமைலேர்ந்து ரெண்டு பேரும் சேந்து செய்யலாமா?" என்றேன். இவ்வளவு நாள் வருகைப் பதிவில் எழுதியபடி செண்பகவல்லி என்றே கூப்பிட்டு வந்தேன். இன்று அக்கா என்று வந்துவிட்டது.

ஜூலை 26, சனி

என் பக்கம் சொர்ணம், அவர் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண், இரண்டு பேரும் காவல். பொம்மை ஓய்வில். ஐந்தரை மாதத்துக்குப் பிறகு தரையில் உட்கார்ந்தேன். முட்டி போடும் இடத்தில் இருவருமே நின்றுபோனோம். எனக்கு பயம், அக்காவுக்கு வலி. இரண்டு பேரையும் தூக்கித்தான் விட்டார்கள்.

"பரவால்ல டீச்சர், சமமா தோத்திருக்கோம்" என்றார்.

ஜூலை 28, திங்கள்

மறுபடியும் அதே இடம். இன்னும் பதினெட்டு நாள். அக்கா இன்று சிரிக்கவில்லை. பெட்டியில் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தாயக்கட்டையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடப் போகிறாராம்.

ஜூலை 29, செவ்வாய்

தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தபோது ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "விழுறதுக்கு முன்னால எப்படிக்கா எந்திரிப்பிய?"

"எப்படின்னா? அரிவாள்மணைல இருந்து எந்திரிக்கதுக்கு யாராவது சொல்லிக் குடுப்பாகளா? அடுப்புல குழம்பு பொங்கும், எந்திரிப்பேன்."

"உட்கார்ந்து காட்டுங்க."

அரிவாள்மணை பரணில் இருக்கிறது, நான்தான் ஏற்றச் சொன்னேன். எனவே இரண்டு மணைப்பலகைகளை அடுக்கிப் போட்டார். அதில் உட்கார்ந்து ஒரு காலை மடக்கினார். மற்ற முழங்காலைக் குத்துக்காலாக நிறுத்தினார். பாதம் தரையில் பதிந்தது. இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, மூக்கு முழங்காலைத் தாண்டுகிற அளவுக்குக் குனிந்தார். இடுப்பு தானாக மேலே வந்தது. எழுந்துவிட்டார். முட்டி தரையில் படவே இல்லை.

மறுபடி, மறுபடி என்றேன். நாலு முறை எழுந்தார். கையைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன். கம்பி தனியாக இருந்தது.

நான் பரணில் ஏற்றச் சொன்னது வெறும் அரிவாள்மணை இல்லை. அந்த உடம்பு ஐம்பது வருஷமாகப் பழகிவைத்திருந்த ஒரே எழும் வழியையும் சேர்த்து ஏற்றச் சொல்லியிருக்கிறேன். கண்டிப்பான ஆசிரியையாம்! என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன்.

"கேமராவுலயே குட்டிக்கிடாதிய டீச்சர், சிரிப்பு வருது. பரண்ல இருந்து எறக்கிரலாமா?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறக்குங்க."

ஜூலை 30, புதன்

வலி இல்லையென்றால் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரிவாள்மணை இறங்கியது. இனி அது நறுக்குவதற்கு மட்டும், பயிற்சிக்குப் பலகைதான். திட்டம்: இந்த வாரம் இரண்டு பலகை, அடுத்த வாரம் ஒரு பலகை, கடைசி வாரம் வெறும் தரை.

ஆகஸ்ட் 2, சனி

எனக்கு அரிவாள்மணைப் பழக்கமே கிடையாது. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் வளர்ந்தவள், காய் நறுக்கியது கல்யாணத்துக்குப் பிறகு, அதுவும் மேசையில். இப்போது அக்கா எனக்கு எண்ணுகிறார்.

"மூக்கு, டீச்சர், மூக்கு! முன்னால கொண்டாங்க. பின்னால சாஞ்சா எப்படி எந்திரிப்பிய?"

எழுந்துவிட்டேன். இரண்டு பலகையிலிருந்துதான். ஆனால் எழுந்துவிட்டேன்! அவர் வெரி குட் என்றார். மறுநாளும் கேட்கணும் போலத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒரு பலகை. இருவரும். ஆறு முறை.

கூட்டு வகுப்பிலும் சொல்லிக் கொடுத்தேன். அந்தோணிமுத்து அரிசி டின்னிலிருந்து போனைக் கீழே இறக்கினார். முதன்முறையாக அவருக்குக் கால் இருப்பதைப் பார்த்தோம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அக்கா வெறும் தரையிலிருந்து, படுத்த நிலையிலிருந்து: புரண்டார், கை ஊன்றி உட்கார்ந்தார், குத்துக்கால் வைத்தார், மூக்கை முன்னால் கொண்டுவந்தார், எழுந்தார். ஐந்தில் மூன்று முறை வந்தது, இரண்டு முறை வரவில்லை. அந்த இரண்டுதான் பயமாக இருக்கிறது. மகன் ஒரு தடவைதான் பார்ப்பான்.

நான் இன்னும் ஒரு பலகையில்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஓய்வு நாள் என்று அறிவித்தேன். அக்கா நாலு முறை போன் செய்துவிட்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். பள்ளிக்கூட நாட்களில் சுதந்திர தினத்தன்று இந்நேரம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். காபி குடித்தேன். பிறகு சொர்ணத்தைக் கூப்பிட்டுப் படுக்கையறை வாசற்படியில் உட்காரவைத்தேன்.

"தொடாதே. நான் சொன்னா மட்டும் வா."

படுக்கையறையில், பலகை இல்லாமல், வெறும் தரையில் படுத்தேன். கட்டிலுக்கடியில் கையை நீட்டினேன். ஒட்டடை, ஒரு பழைய மாத்திரை அட்டை, ரவிக்கை ஊக்கு ஒன்று. சுவரோரம் விசில். எடுத்துக் கழுத்தில் போட்டேன். புரண்டேன், உட்கார்ந்தேன், குத்துக்கால், மூக்கு. எழுந்து நின்றேன். கட்டில் பக்கத்திலேயே இருந்தது. அதை நான் பிடிக்கவில்லை.

சொர்ணம் வாசலில் இருந்து கை தட்டினாள். வெந்நீரில் விசிலை இரண்டு தரம் கழுவினேன்.

பத்து மணிக்கு அக்காவின் அழைப்பு. போனை எதிர்ச்சுவரோரம் தரையில் சாய்த்து வைத்திருந்தார், அறை முழுதும் தெரிந்தது. மகன் நின்றுகொண்டிருந்தான். நாற்பத்தேழு வயது, நல்ல தொப்பை, முகத்தில் கவலை. கெட்டவன் இல்லை. தாய்க்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மார்ச்சிலிருந்து தூங்காதவன்.

"மேடம், அம்மாவ ரொம்பக் கஷ்டப்படுத்த வேண்டாம். முடியலன்னா விட்ரலாம்" என்றான்.

"பாக்கலாம் தம்பி" என்றேன்.

அக்கா படுத்தார். புரண்டார். கை ஊன்றி உட்கார்ந்தார். குத்துக்கால் வைத்தார். கைகளை முன்னால் ஊன்றினார். இடுப்பு ஒரு சாண் எழுந்து, அப்படியே கீழே இறங்கிவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் ஜன்னல் பக்கம் போனது. கம்பி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"போதும்மா" என்று மகன் குனிந்து கையை நீட்டினான்.

நான் விசிலை ஊதினேன்.

என் ஆயுசில் அப்படி ஊதியதில்லை. கோவில்பட்டி வீட்டில் அவன் கை அந்தரத்தில் நின்றுபோனது. இங்கே சொர்ணம் ஓடியே வந்துவிட்டாள்.

"தம்பி, கையைப் பின்னால கட்டுங்க!" என்று கத்தினேன். கட்டினான், எட்டாம் வகுப்புப் பையன் கணக்கில். "அக்கா! அடுப்புல குழம்பு பொங்குது!"

அக்கா சிரித்துவிட்டார். மூக்கு முன்னால் வந்தது. இடுப்பு எழுந்தது, ஒரு சாண், இரண்டு சாண், கை தரையை விட்டது, முழங்காலுக்கு வந்தது, முழங்காலையும் விட்டது. நிமிர்ந்து நின்றார். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, மகனுக்குக் காட்டினார்.

"பாத்துக்கடா. ரெண்டும் காலியா இருக்கு."

தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். சொர்ணம் எதற்கென்று தெரியாமலே அவளும் அழுதாள்.

நாலு மணிக்கு மறுபடி அழைப்பு. தரையில் தாயக்கட்டம் வரைந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள், அக்கா, மகன் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காபி எடுத்து வர மகன் எழுந்தான். அதாவது, எழப் பார்த்தான். ஒரு கை கட்டிலைப் பிடித்தது, இன்னொரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது.

"டீச்சர், பாத்தியளா?" அக்கா போனைத் தூக்கி அவன் பக்கம் திருப்பினார். "இவன் அறுபது ஆகட்டும்னு காத்திருக்கணுமா, இப்பவே சேத்துக்கிடுவியளா?"

ஆகஸ்ட் 16, சனி

காலை ஆறரை. வருகைப் பதிவில் புதுப் பெயர்: திருமலைக்குமார். "உள்ளேன் டீச்சர்" என்றான், வெட்கத்தோடு. நாற்காலியிலிருந்து ஏழு முறை எழுந்தான். அம்மாவுக்கு இப்போது இருபது.

பெனிட்டாவுக்கு அழைத்து பிப்ரவரி 11 பற்றிச் சொன்னேன். அழுதாள், திட்டினாள், டிக்கெட் போடுகிறேன் என்றாள். போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அவள் கண் முன்னால் தரையில் படுத்து எழுந்தேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "மம்மி, இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவை எழுந்தேன். டிக்கெட் போடுகிறாளாம், என்னைக் கூட்டிப்போக இல்லை, கிறிஸ்துமஸுக்கு இங்கே வர.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நற்கருணைக்குப் போனேன். எல்லாரோடும் சேர்ந்து முழங்காலிட்டேன். முன்னால் பித்தளைக் கம்பி பளபளவென்று இருந்தது. அதைப் பிடிக்காமல் எழுந்தேன்.